டிக்கெட் எடுக்கத் தெரியாதவள்

கறுப்புக் கோட்டைக் கண்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

டிக்கெட் எடுக்கவில்லை.

மயிலாடுதுறையில் கவுண்டரைத் தாண்டித்தான் வந்தாள். வரிசைகூட இல்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை.

திருட்டுப் புத்தியெல்லாம் இல்லை. வளர்ந்த வளர்ப்பு அப்படி.

அப்பா கோதண்டத்துக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. ரயில்வே வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசி தெரியும், ஹரித்துவார் தெரியும், டிக்கெட் விலை மட்டும் தெரியாது. பெட்டியில் ஏறியதும் ஜன்னலுக்கு அடித்துக்கொள்வார்கள். டி.டி.ஆர். வந்தால் அப்பா சட்டைப்பையிலிருந்து பாஸை எடுத்து நீட்டுவார். அவ்வளவுதான் பயணம். பாஸில் அப்பாவின் பெயருக்குக் கீழே அம்மா, அவள், தங்கை.

கல்யாணமான மறுவாரமே அப்பா ஆபீசுக்குப் போய் அவள் பெயரை எடுத்துவிட்டு வந்தார். யாரும் கேட்காமலே. நேர்மையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“இனிமே உனக்கு மாப்பிள்ளைதான் டிக்கெட் எடுக்கணும்” என்று போனில் சொல்லிச் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். அன்றைக்கு அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை ஒருநாளும் எடுக்கவில்லை. தலை தீபாவளிக்குக்கூடக் காரில்தான் கூட்டிவந்தான். வந்த சூட்டோடு திரும்பக் கூட்டிப்போனான்.

“டிக்கெட்ம்மா.”

“பாஸ்” என்றாள்.

வாய்ப் பழக்கம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டி.டி.ஆர். நீட்டிய கையை மடக்கவில்லை. ரிட்டயர்மென்ட்டை எட்டிக்கொண்டிருக்கும் வயது. அவர் பார்வை அவள் கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. பிறகு மணிக்கட்டுக்கு இறங்கியது. வீங்கிய கையில் வளையல் இறுகிக் கிடந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“அப்பா ரயில்வேயா?”

தலையாட்டினாள்.

“கையில பணம் இருக்கா?”

பையைத் திறந்தாள். காலையில் அவன் குளிக்கப் போன நேரத்தில் அவசரமாக எடுத்து வந்த பை. உள்ளே இரண்டு ஜாக்கெட்டும் ஒரு துண்டும் இருந்தன.

எதிர் இருக்கைக்காரர்கள் அவளையே பார்த்தார்கள். காது சுட்டது. அடி வாங்கியபோதுகூட இப்படிக் கூசிப் போகவில்லை.

அவர் அபராதச் சீட்டு எழுதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் போனை எடுத்தார்.

“அப்பா நம்பரச் சொல்லு.”

அவள் போன் நேற்றே சுவரில் மோதிச் சிதறிவிட்டது. அப்பாவின் எண் மட்டும் மனப்பாடம்.

அப்பா எடுத்தார். பின்னால் இரும்படிக்கும் சத்தம்.

“அப்பா, நான்தான். ட்ரெயின்ல வந்துட்டிருக்கேன்.”

“மாப்பிள்ளை?”

“வரல. அடிச்சிட்டாருப்பா. இது முதத் தடவை இல்ல.”

இரும்புச் சத்தம் தேய்ந்தது. ஆட்களிடமிருந்து தள்ளிப் போகிறார் போலும்.

காத்திருந்தாள். ‘வா’ என்ற ஒரு சொல்லுக்கு. இந்த உலகத்தில் வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

“எங்க வர்ற?”

“கும்பகோணம் தாண்டியாச்சு.”

“தஞ்சாவூர்ல இறங்கிடும்மா. நான் மாப்பிள்ளைகிட்டப் பேசறேன். அவரு வந்து கூட்டிட்டுப் போவாரு. தங்கச்சிக்கு இப்பத்தான் ஒரு வரன் கூடி வருது. இந்த நேரத்துல நீ வந்து நின்னா... கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா.”

குரல் கெஞ்சியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அப்பா என்ன சொன்னாரு?”

“தஞ்சாவூர்ல இறங்கச் சொன்னாரு.”

அவர் போனைக் கோட்டில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று தோன்றியிருக்கும். பாவம், அவருக்குத் தெரிந்ததெல்லாம் ரயில்வே சட்டம்தான்.

“கல்யாணம் ஆயிட்டா பொண்ணு பேர எடுத்துடுவாங்கம்மா. எம்பொண்ணுக்கும் அப்படித்தான். புருஷன் இல்லாமப் போனாலோ, கோர்ட்ல தீர்த்துக்கிட்டாலோதான் மறுபடி சேர்ப்பாங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

தஞ்சாவூர் வந்தது.

எதிரில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கினார்கள். புதிதாக ஏறியவர்கள் இடம் பிடித்தார்கள். அவள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்திருக்கவில்லை.

“ஊர் வந்துடுச்சும்மா” என்றார் அவர், வாசலிலிருந்து.

“சார்.”

திரும்பினார்.

“மறுபடி சேர்க்கணும்னா யாரு எழுதிக் குடுக்கணும்? நானா?”

அவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி நகரத் தொடங்கியது. பிளாட்பாரம் முடிந்து தண்டவாளங்கள் தெரிந்தன.

“உங்கப்பாதாம்மா எழுதிக் குடுக்கணும்” என்றார்.