மொட்டை மாப்பிள்ளை

மாப்பிள்ளையின் மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. பதிவு அலுவலக எழுத்தர் தசரதனுக்கு அவனைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. வேண்டுதலை முடித்துவிட்டுத் தாலி கட்டுகிற பையன்களை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது?

சற்று முன் வந்த ஜோடி அவர் காலைப்பொழுதையே கெடுத்திருந்தது. ஜெகதீஷ் என்று ஒருவன், முகமெல்லாம் தாடி, பக்கத்தில் பட்டுப்புடவையில் ஒரு பெண். ஆதாரைப் பார்த்தால் அவனுக்கும் 'பெண்' என்று போட்டிருந்தது. பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தாடி இன்னா, ஜடாமுடியே வளத்துக்கினு வா. கெவுருமெண்டுக்குப் பேப்பர்தாம்பா சாமி."

இருபத்தாறு வருட சர்வீஸில் அவர் கையால் ஒரு தப்பான கல்யாணம்கூடப் பதிவானதில்லை. அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

இந்த ஜோடியிடம் எல்லாம் கச்சிதம். இளங்கோ, ஆண். கிருஷ்ணப்பிரியா, பெண். ஆதார் படத்தில் இருந்த மீசை நேரில் இல்லை, முடியோடு அதையும் சாமிக்கே கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

மணப்பெண்தான் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பா ஆட்களோடு வேலப்பன்சாவடி வரை வந்துவிட்டாராம். இன்றே ஊருக்கு இழுத்துப்போய் மாமன் மகனுக்குக் கட்டிவைக்கப் போகிறாராம். சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் ஸ்டேஷனிலும் தன்னை அப்பாவோடுதான் அனுப்புவார்கள் என்று அழுதாள்.

தசரதனுக்கு மனசு இளகிவிட்டது.

"பயப்படாதம்மா. லட்சணமா ஆணும் பொண்ணுமா வந்துகீறீங்க. சட்டம் உன் பக்கம் கீது."

மாப்பிள்ளை கையெழுத்துப் போட உட்கார்ந்தான். சொந்தப் பெயரை எழுதவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான், கண்ணில் தண்ணீர் வேறு. சந்தோஷம் என்றால் அப்படித்தான் என்று தசரதன் பேனாவைப் பிடுங்காமல் காத்திருந்தார். பிறகு தானே சார்பதிவாளரிடம் எடுத்துப்போய் முத்திரை வாங்கிவந்து, இருவரையும் வாழ்த்தியும் அனுப்பினார்.

ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்க இறங்கினார். படிக்கட்டுக்குக் கீழே மாப்பிள்ளை விசும்பிக்கொண்டிருந்தான். அந்த மொட்டைத் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிருஷ்ணப்பிரியா சொன்னாள்:

"அழாதடி, முடி வளந்துடும். இனிமே உன் ஆதார்ல 'இளங்கோ, ஆண்'ங்கறத எடுத்துட்டு, 'பெண்'ணு உன் பேரையே போட்டுக்கலாம், வித்யா."