நாலு மணி வண்டி

ஆறாவது நாள் காலையிலும் டேவிட்சன் அறையை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுத்தான் கிணற்றடிக்குக் குளிக்கப் போனான். அக்ஷிதா கட்டிலில் உட்கார்ந்து பூட்டு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே கடல். தென்னைகளுக்கு நடுவே கட்டிய வலை ஊஞ்சலில் பெங்களூர்த் தம்பதி ஒன்று கண்மூடிக் கிடந்தது. கேரளத்தில் பொன்னானிப் பக்கத்து அந்த ஓட்டுவீட்டு விடுதிக்கு எல்லோரும் கொஞ்ச நாள் உலகத்தை மறந்து கிடக்கத்தான் வருவார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடி, வெளியே வரக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்து, விடுதி நடத்தும் சாரா இவர்களுக்கு மட்டும் புட்டையும் மீன் குழம்பையும் அறைக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

கல்யாணமானது உண்மைதான். கோவையில் பதிவுத் திருமணம், சாட்சிக்கு நண்பர்கள். டேவிட்சன் வேறு சாதி, வேறு மதம். அன்று சாயங்காலமே பல்லடத்தில் அவளுடைய பெரியப்பா, இரண்டு பேரையும் உயிரோடு விடப்போவதில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஓடும் பன்னிரண்டு தறியும் அவர் சொற்படிதான் ஓடும். அப்பா அரங்கசாமி அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அக்ஷிதா பார்த்ததில்லை.

முன்னால் கடல், பின்னால் காயல், வெளியே போக ஒரே ஒரு சந்து. யாரும் தேடி வரமாட்டார்கள் என்றுதான் டேவிட்சன் இந்த இடத்தைப் பிடித்திருந்தான். அவளுக்கு அது ஜெயிலாகிப் போக ஆறு நாள் போதுமாயிருந்தது. அவன் பையைக் கிளறி, அணைத்து வைத்திருந்த தன் செல்போனை எடுத்தாள்.

முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள், அழுதுகொண்டே பேசினாள்.

"கண்ணு, அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஐசியூல வெச்சிருக்கறாங்க. நானு இங்க ஆஸ்பத்திரிலயேதான் கெடக்கறேன். உன்னையப் பாக்கோணும், உன்னையப் பாக்கோணும்ங்கறாரு."

அம்மாவின் குரலுக்குப் பின்னால் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஆறு நாள் கழித்து அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெரியப்பாவுக்கு இப்போது கோபமெல்லாம் ஆறிவிட்டதாம். யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்களாம். இருக்கும் இடத்தைச் சொன்னால் நாலு மணிக்குள் வந்து சேருகிற மாதிரி அவரே வண்டி அனுப்புவாராம். அக்ஷிதா ஊர், விடுதியின் பெயர், சந்தில் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பது வரை சொல்லிவிட்டாள்.

ஈரத் தலையோடு வந்த டேவிட்சனிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. அவன் முகம் வெளுத்துப் போனது. அத்தனையும் பொய், இந்த நிமிஷமே கிளம்பிவிடலாம் என்று கெஞ்சினான்.

"என்னைப் பூட்டி வெச்சிருக்கறது நீதான், டேவிட். அவங்க இல்ல."

அவன் சாவியை மேஜைமேல் வைத்தான். பிறகு கொடியில் காய்ந்த சட்டைகளை எடுத்து மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தான்.

"நானும் வர்றேன்," என்றான். "உன்னைத் தனியா அந்த வண்டில ஏத்திவிட முடியாது."

நீ வந்தால்தான் வம்பு என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. மூன்று மணிக்கே இருவரும் பையோடு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள். இன்னும் இரண்டு நாள் பாக்கியிருக்கிறதே, ஏதும் குறையா என்று சாரா வந்து கேட்டுப்போனாள். ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் அக்ஷிதா சொன்னாள். அப்பா கண் திறந்திருப்பாரா என்பதைத் தவிர வேறு நினைப்பே அவளுக்கு ஓடவில்லை.

மூன்றரைக்குக் கேட் கிறீச்சிட்டது. வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நடந்து வந்தது அப்பா.

வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு துணிப்பை. கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டிவிட்டு, மணலில் வேகவேகமாக அவர்களை நோக்கி வந்தார். நெஞ்சு வலி வந்த மனிதர் அப்படி நடக்கமாட்டார்.

போனில் கேட்ட தறிச் சத்தம் அக்ஷிதாவுக்கு இப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரி பொய். ஐசியூ பொய். அம்மா அழுததும் பொய். கடைசியில் பெரியப்பா அப்பாவையே முன்னால் அனுப்பிவிட்டார். அவள் வாயாலேயே வழியும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்; கூடவே டேவிட்சனையும் இழுத்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறாள்.

டேவிட்சன் எழுந்து அவளை மறைத்துக்கொண்டு நின்றான். ஓட இடமில்லை. சந்தில் போனால் அப்பா, பின்னால் போனால் காயல்.

அரங்கசாமி வராந்தாப் படியேறி நின்றார். மகளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டேவிட்சனின் தோளை இறுக்கிப் பிடித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஆளுக கார்ல வந்துட்டிருக்கறாங்க, அதுக்கு முந்தி பஸ் புடிச்சு ஓடியாந்தேன். எங்க வேண்ணாலும் போங்க, இவள ஊட்டுக்கு மட்டும் கூட்டியாந்துராதீங்க மாப்பிள்ளை."