மூன்று நீலம்

ஜெனிபாவின் கவுன் இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் அம்மா சகாயமேரி தன் கையால் வீட்டிலேயே தைத்தது. வளர்கிற பிள்ளை என்று கீழ்விளிம்பை இரண்டு மடிப்பாக உள்ளே கொடுத்துத் தைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டாள். வெளியே இருந்த துணி வெயிலிலும் சோப்பிலும் வெளுத்துப்போக, மடிப்புக்குள் இருந்தது புதுசாகவே இருந்தது. இப்போது மேலே சாம்பல் பூத்த நீலம், நடுவில் ஒரு நீலம், அடியில் கடையில் வாங்கிய அன்றைய நீலம். கோயிலில் பிள்ளையைத் தன் சேலைக்குப் பின்னால்தான் நிறுத்திக்கொள்வாள்.

அப்படியும் எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டாள். "எவ்ளோ அழகா ஷேட் ஷேடா இருக்கு! என்ன டிசைன் சகாயம் இது?"

"நானா யோசிச்சுத் தச்சதுதான்க்கா." வாயில் வந்துவிட்டது.

மறுநாளே அக்கா தன் மகளுக்கும் அதேபோல வேண்டுமென்று புது நீலத்துணி கொடுத்தனுப்பினாள்.

சகாயமேரி அதைக் கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் விரித்து, அடிப்பகுதியைக் கோணியால் மூடி, மீதியை வெயிலுக்குக் காட்டினாள். தினமும் சோப்புப் போட்டு அடித்தாள். உசத்தியான துணி, லேசில் வெளுப்பதாய் இல்லை. அக்கா வாசலுக்கு வந்தால் இவள் ஜன்னலைச் சாத்தினாள்.

ஜெனிபா பக்கத்தில் வந்து குந்தினாள். கவுன் முட்டிக்கு மேலே ஏறிக்கிடந்தது.

"ஏம்மா இதப் பழசாக்குற? அந்தப் பாப்பா இன்னும் வளரவே இல்லையே."

சகாயமேரி கோணியை இழுத்துத் துணி முழுவதையும் மூடினாள்.