செயின் லாக்

காலை ஒன்பதரைக்குள் வேலை முடிந்துவிட்டது. பைக்கின் தேய்ந்த பல்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிப் புதியவற்றை மாட்டி, புதுச் செயினையும் கோத்துவிட்டேன். கடைசியில், செயினின் இரு முனைகளையும் இணைத்துப் பிடிக்கும் செயின் லாக். குட்டி மீன் போல இருக்கும். அதன் பிளந்த வாய், செயின் ஓடும் திசைக்குப் பின்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஓட்டத்தில் கழன்றுவிடும். என் அண்ணன் அப்படித்தான் போனான். வண்டியும் அவனுடையதுதான். எச்சரித்தால் சிரிப்பான்: "மாத்திப் போட்டா வண்டி என்ன பின்னாடியா ஓடும்?"

நான் சரியாகத்தான் போட்டேன். இரண்டு முறை பார்த்தேன். பிளையரைக் கீழே வைத்துவிட்டு, சோப்புத்தூள் போட்டுக் கை கழுவி வந்தேன். வாய் முன்பக்கம் பார்த்தது.

என் கவனக்குறைவுதான் என்று திருப்பிப் போட்டேன். மறுபடி கை கழுவி வந்தேன். மறுபடியும் முன்பக்கம்.

மனைவி ஹெல்மெட்டோடு வந்தாள். அண்ணன் போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள். அவன் குரலைக்கூடக் கேட்டதில்லை.

"சாவியக் குடுங்க, வேலைக்கு நேரமாச்சு."

"வண்டியத் தொடாத. லாக் மாறிக் கிடக்கு."

"மாத்திப் போட்டதே நீங்கதானே? ஜன்னல்ல இருந்து பாத்தேனே. தனியாப் பேசிச் சிரிச்சுக்கிட்டு வேற."

"என்ன பேசினேன்?"

"மாத்திப் போட்டா வண்டி என்ன பின்னாடியா ஓடும்னு."

குனிந்து கையைப் பார்த்தேன். இப்போதுதான் கழுவிய கை முழுக்கக் கிரீஸ். பிளையர் அதில் இருந்தது.