கல்லில் வெட்டிய கடைசி வார்த்தை

"சொல்லவே சங்கடமா இருக்குங்கம்மா," என்றார் வரலாற்றாசிரியர் தயாளன்.

இலங்கையின் தெரணியகலை ரப்பர் தோட்டமொன்றில், வேலைநிறுத்தத்தின்போது அடிபட்டு இறந்த மரியநாயகத்தைப் பற்றி அவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவள் மரியநாயகத்தின் மனைவி செபமாலை.

"பரவாயில்ல, சொல்லுங்க சார்."

"உயிர் போறப்ப 'போராட்டத்த விட்றாதீங்க'ன்னு சொன்னாருன்னு நினைவுக்கல்லுல வெட்டி வச்சிருக்காங்களே, அத அவரு சொல்லவே இல்லீங்க. தொழிற்சங்கப் பத்திரிகைக்கு எழுதினவரு, தானா சேர்த்துக்கிட்டது. அவரே என்கிட்ட சொன்னாரு."

வருஷா வருஷம் அந்தக் கல்லுக்கு மாலை போடுகிறவளின் மனதை உடைத்துவிட்டோமே என்று தயாளன் தலைகுனிந்தார்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அவரு போயிட்டாரு சார். கல்யாணமாகி ஒரு வருஷங்கூட ஆகல. கடைசி நேரத்துலயும் சங்கத்தத்தான் நெனச்சாரு, என்னைய நெனக்கலன்னு இத்தன வருஷமா மனசுக்குள்ளயே வச்சிருந்தேன்."

கண்களைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"அப்படின்னா, என் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம், இல்லீங்களா சார்?"

"கூப்பிட்டிருப்பாரும்மா," என்றார், ஆதாரமில்லாமல் ஒரு வரிகூட எழுதாத தயாளன்.