கேபிளின் பிடிவாதம்

பழைய கம்ப்யூட்டரை எடுத்துப்போகச் சாயங்காலம் காயலான் கடைக்காரர் வருகிறார். அது போனால் வயிற்றில் இருக்கும் பாட்டுகளும் போச்சு. அவற்றைப் புது லேப்டாப்புக்குக் கடத்தத்தான் வீட்டிலேயே கேபிள் ஒன்றைச் செய்து நடுவில் மாட்டியிருந்தார்கள்.

இரண்டும் கத்தின; ஒன்றுக்கும் கேட்கவில்லை.

“கிழம் ஊமை!” என்று கேபிளிடம் புகார் சொன்னது லேப்டாப்.

“அந்தப் பயல் செவிடு!” என்று அதனிடமே சொன்னது கிழம்.

“சண்டை போடாதீங்கப்பா, கோளாறு என்கிட்டதான் இருக்கும்” என்று கேபிள் தன்னையே தடவிப் பார்த்தது. அதன் கம்பிகள் வாயோடு வாயையும், காதோடு காதையும் அல்லவா சேர்த்திருந்தன! உடனே கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கிற சூட்டுக்கோலைக் கூப்பிட்டது.

“மறுபடியும் சுடுமே, தாங்குவியா?”

“சுட்டாச் சுடட்டும். இவர் வாயை அவன் காதுக்கு மாத்து. அவன் வாயை இவர் காதுக்கு.”

கேபிள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது.

அப்புறம்தான் தெரிந்தது, இவ்வளவு நேரமும் இரண்டும் கத்தியது ஒரே கேள்வியைத்தான்: “நான் பேசறது கேக்குதா?”

“கேக்குது தாத்தா. பாடுங்க” என்றது லேப்டாப்.