பத்து விநாடி

"துரோகி வீடுதானே? மாடியில, கடைசிக் கதவு" என்றார் கீழ்த்தளத்துத் தையல்காரர், மெஷினை நிறுத்தாமலே. அந்தக் கட்டடத்தில் மாடி வீட்டுக்காரருக்கு வேறு பெயர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

வழி கேட்டு வந்தவள் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். பையில் இருந்த தாள் அப்படிப்பட்டது.

அவர் செய்த துரோகம் இதுதான்: முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் ஒரு தாதா படத்தில் கையாளாக நடித்தார். அந்தக் கையாளின் குழந்தை கழுத்தில் கத்தியை வைத்து எதிரிகள் கேட்டதும், தாதா ஒளிந்திருந்த இடத்தைச் சொல்லிவிடுவான். படம் ஓடு ஓடென்று ஓடியது. அதன்பின் வாடகைக்கு வீடு கேட்டால், "உங்களை நம்பியா?" என்று சிரித்தே அனுப்பினார்கள். பெற்ற மகளே பள்ளிக்கூடத்தில் அப்பா யாரென்று சொல்லக் கூசினாள்.

அதே படத்தை இப்போது வீடியோ கேம் ஆக்கிய கம்பெனியில் கதை எழுதுகிறவள் அவள். அவர் முகத்தைப் பயன்படுத்தக் கையெழுத்துக் கேட்டு அவரைக் கம்பெனிக்கு வரவழைத்தபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடுறவங்க நினைச்சா அவன் வாயத் திறக்காம இருக்கலாம்னு ஒரு வழி வைம்மா. நாலு பேராவது அவனை நல்லவனாக்கட்டும்."

மேனேஜரிடம் மல்லுக்கட்டி வைத்தாள். சொல்ல ஒரு பட்டன், சொல்லாமலிருக்க ஒரு பட்டன், யோசிக்கப் பத்து விநாடி. கேம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்கிறது பையில் இருக்கும் தாள்.

கதவைத் திறந்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"விரல்ல என்னங்க ஐயா?"

"லேசாக் கொப்புளம். அத விடும்மா, எத்தனை பேர் காப்பாத்தினாங்க?"

அவள் பையை இறுக்கி மூடினாள். கம்பெனி அனுப்பிய கேம் செட் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த வயதில் இவருக்கு இதெல்லாம் எங்கே ஆடத் தெரியப்போகிறது என்ற தைரியத்தில் ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

"முக்கால்வாசிப் பேர் வாயே திறக்கலைங்க ஐயா!"

அவர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தாள். அவரோ நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார்.

"அவ்வளவு பேரா? அந்தக் குழந்தை அழறதைக் கேட்டுமா?"

"ஆமாங்க ஐயா. நீங்க இனிமே தலை நிமிர்ந்து நடக்கலாம்."

அவர் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒரு வாரமா ஆடிப் பார்க்கிறேம்மா... ஒவ்வொரு தடவையும் நான் காட்டிக்கொடுத்துடறேனே."